பெருமூச்சு விடும் இயந்திரம்

அக்டோபர் 5, சனி

அப்பா இன்று மருந்தடிக்கும் பம்ப்பைக் கழற்றிப் பழுது பார்த்தார். பம்ப் வேலை செய்கிறது. இரண்டு வாஷர்களும் ஒரு திருகாணியும் மிச்சம்.

மிச்சமாவதையெல்லாம் அம்மா ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைக்கிறாள். ஜூன் மாதம் திருப்பூரிலிருந்து இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது அந்தப் பாட்டில் காலி. இப்போது கழுத்துவரை வந்துவிட்டது. தண்ணீர் மோட்டார், சோளத்தட்டு வெட்டும் மெஷின், கேட்டின் கீல், என் சைக்கிள், எல்லாமே அதில் ஆளுக்கொரு துண்டு கொடுத்திருக்கின்றன.

"உங்கப்பா கை வெச்சா மெஷினு எளச்சுப் போகுது" என்றாள் அம்மா.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் சேத்திப் போட்டது புள்ள. வெட்டிப் பாரம்" என்றார் அப்பா.

நம் பொருளை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. அவர் நூல் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். மில்லை மூடியதும், பாகப்பிரிவினையில் வந்த இந்த மூன்று ஏக்கருக்கே குடிவந்துவிட்டோம். தோட்டத்துக்கு நடுவில் வீடு. சுற்றிலும் கன்றுத் தென்னை. மெக்கானிக் டவுனிலிருந்து வர வேண்டும், வருகிறேன் என்று சொன்ன நாளில் வர மாட்டார். அதனால் அப்பா ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டார்.

அம்மாவின் அண்ணன் சுந்தரம் மாமா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அப்பாவுக்கு ஸ்டோர் வேலை பேசி வைத்திருக்கிறார். தீபாவளிக்கு மாமா இங்கே வரும்போது போகிறோமா இருக்கிறோமா என்று சொல்லிவிட வேண்டும். சின்ன வெங்காயத்தை மழைக்கு முன்னால் நட்டுவிட்டால் இருப்போம். முடியவில்லை என்றால் போவோம். இப்படித்தான் வீட்டில் பேச்சு.

எனக்கு இரண்டும் ஒன்றுதான். திருப்பூரில் நடந்து போகும் தூரத்தில் நூலகம் இருந்தது. இங்கே கிணற்று மேட்டில் உட்கார்ந்து படித்தால் யாரும் "மிருது, பால் வாங்கிட்டு வா" என்று கூப்பிட மாட்டார்கள். அதற்கு இது சமம்.

அக்டோபர் 8, செவ்வாய்

வீடரைப் பற்றி எழுத வேண்டும். இரண்டு கைப்பிடி வைத்த சின்ன உழவு இயந்திரம் அது. பெட்ரோலில் ஓடும். நாம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். களை எடுக்கும், உழும். பின்னால் ஒரு கொழுவை மாட்டினால் வெங்காயம் நடுவதற்கு மேடாகப் பாரும், பள்ளமாக வாய்க்காலும் போட்டுக் கொடுக்கும். தென்னை வரிசைகளுக்கு நடுவே டிராக்டர் திரும்பாது. அதனால் எங்களுக்கு வீடர்தான் டிராக்டர், வீடர்தான் காளை.

இன்று அப்பா ஓட்டிப் பார்த்தார். ஒரே இழுப்பில் கிளம்பியது. ஒரு தென்னை வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய், திரும்பி, மறுபடி வந்தது. பார் நேராக இல்லை. "வெங்காயத்துக்கு நேர் கோணலெல்லாம் தெரியாது" என்றார்.

வீடரோடு வந்த கையேட்டை இரண்டு தடவை படித்துவிட்டேன். அதன் தமிழ் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. "இயந்திரம் உங்கள் சிநேகிதன். சிநேகிதனைத் தாகத்தில் விடாதீர்" என்று ஒரு பக்கம் தொடங்குகிறது. எண்ணெய் மாற்றும் பக்கம் அது.

சாயங்காலம் பட்டறையைப் பிரித்து விதை வெங்காயம் பொறுக்கினோம். பட்டறை என்பது ஓலை வேய்ந்த வெங்காயக் கூண்டு. சில காய்களின் தலையில் பச்சை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

"மொளச்சா நட்டாகோணும். வெச்சிருந்தா தன்னைத் தானே தின்னு தீத்துக்கும்" என்றாள் அம்மா.

அம்மா இன்று பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கினாள். திருப்பூரிலிருந்து வரும்போது எங்கள் துணியெல்லாம் வந்த பெட்டி. துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் பார்த்தார். அவரும் கேட்கவில்லை.

பிறகு அம்மா வேலி ஓரம் போய் அவரை விதை ஊன்றினாள். நான் தண்ணீர் ஊற்றினேன்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. தோட்டத்தில் இருக்கும் எல்லாவற்றையும் கழுவினோம். மண்வெட்டி, அரிவாள், மோட்டார் பெட்டி, மருந்து பம்ப், தட்டு வெட்டும் மெஷின், வீடர், என் சைக்கிள். அப்பா வீடரைத் தேய்த்த தேய்ப்பில் அதன் சிவப்புப் பெயின்ட் மின்னியது.

திருப்பூரில் எங்களுக்கு ஆயுதம் என்று இருந்தவை ஒரு ஸ்கூட்டி, ஒரு மிக்ஸி, ஒரு அரிவாள்மனை. ஸ்கூட்டியில் வைத்த பொட்டு காய்ந்து அன்றே உதிர்ந்துவிடும். அம்மாவுக்கு அது குறை. இந்தத் தடவை சந்தனத்தோடு கொஞ்சம் சோற்றுக்கஞ்சியைக் கலந்து குழைக்கப் போகிறாளாம்.

"ஒட்டுச்சுன்னா ஒட்டுனதுதான். ஒரு வருசத்துக்கு அசையாது" என்றாள்.

நாளை படிக்கக் கூடாது. புத்தகங்களெல்லாம் சாமிக்கு முன்னால் இருக்கும். எழுதவும் கூடாது. இப்போதே எனக்குக் கை அரிக்கிறது.

அக்டோபர் 12, சனி

நேற்றைய நாளை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பொரி கட்டி வந்த செய்தித்தாளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அது என்ன?" என்றாள் அம்மா. "பொரிங்மா" என்றேன்.

பூஜையில் ஒரு சந்தேகம் வந்தது. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு மெஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். வீடருக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இதுக்கு நெத்தி எங்கீங்க?"

அப்பா வீடரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். கடைசியில் மேலே உச்சியில் இருந்த பெட்ரோல் டேங்க் மூடியைக் காட்டினார். "மேல இருக்கறது இதுதான். இதுக்கே வையி."

அம்மா மூடியின் நடுவில் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டும், அதன்மேல் குங்குமமும் வைத்தாள். வீடர் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

கையேடும் இந்த நாட்குறிப்பும் என் பாடப் புத்தகங்களோடு சாமிக்கு முன்னால் இருந்தன. இந்த நோட்டின் அட்டையிலும் ஒரு பொட்டு. இன்று காலை திறக்கப் பார்த்தால் அட்டையும் முதல் பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தன. கஞ்சிச் சந்தனம் சிமெண்ட் போலக் காய்ந்திருக்கிறது. நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இன்று விஜயதசமி. எதையும் தொடங்க நல்ல நாள். அப்பா குளித்துவிட்டு வீடரை எடுத்தார். முதல் பார் அழகாக விழுந்தது. இரண்டாவதின் பாதியில் இயந்திரத்தின் குரல் கம்மியது, இருமியது, நின்றுவிட்டது.

அப்பா மூடியைத் திருகிப் பார்த்தார். பெட்ரோல் இருந்தது. மறுபடி கயிற்றை இழுத்தார். கிளம்பியது. ஒன்றரைப் பார். நின்றது.

மத்தியானம்வரை இதுதான் நடந்தது. பிறகு அப்பா ஸ்பேனர் பையை எடுத்துவரச் சொன்னார்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தேய்த்தோம். காற்று வடிகட்டியைக் கழுவினோம். கார்புரேட்டரைப் பிரித்து அப்பா ஒவ்வொரு துளையாக ஊதினார். நான் கையேட்டின் பட்டியலைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் மாட்டிக் கயிற்றை இழுத்ததும் கிளம்பிவிடும்.

"பாத்தியா கண்ணு! பிளக்குதான் காரணம்!" என்பார். ஒன்றரைப் பார் போனதும் நின்றுவிடும்.

"பாத்தியா, பிளக்கில்ல. கார்புரேட்டரு!"

சாயங்காலம் அவர் எதையும் பார்த்தியா என்று சொல்லவில்லை.

பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமி பெரியப்பா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போது வரப்பில் நின்றார். "ஏப்பா லோகு, வண்டி ஓட்டறயா, ஆஸ்பத்திரி நடத்தறயா?" என்றார்.

"ரெண்டுந்தாங்ண்ணா" என்றார் அப்பா, சிரித்தபடி. பெரியப்பா போனதும் சிரிப்பையும் கழற்றி வைத்துவிட்டார்.

நான் ஒரு சங்கதியைக் கவனித்தேன். வீடர் நின்றதும் அப்பா முதல் வேலையாகப் பெட்ரோலைப் பார்க்க மூடியைத் திறப்பார். அப்போது "ஸ்ஸ்" என்று மெல்லியதாக ஒரு சத்தம் வரும். அம்மா வாசல் கூட்டி முடித்து, இடுப்பில் கை வைத்து நிமிரும்போது ஒரு பெருமூச்சு விடுவாள். அதே சத்தம். "களைத்துப் போன இயந்திரம் பெருமூச்சு விட்டது" என்று எழுதினால் நன்றாக இருக்கிறது. பள்ளிக் கட்டுரையில் சேர்த்துக்கொள்வேன்.

பாட்டிலில் இன்று இரண்டு வாஷர்.

அக்டோபர் 15, செவ்வாய்

அப்பா நான் பள்ளிக்குப் போன பிறகும் முயன்றிருக்கிறார். பெட்ரோல் குறைவாக இருப்பதுதான் கோளாறோ என்று இன்று டேங்க்கை விளிம்புவரை நிரப்பினாராம். முன்னைவிடச் சீக்கிரமே நின்றுவிட்டதாம். நானும் வயிறு நிறையச் சாப்பிட்டால் இப்படித்தான், உடனே தூக்கம் வரும்.

கட்டுரையைத் தமிழம்மா திருத்திக் கொடுத்தார். பெருமூச்சு வரியின் ஓரத்தில் "நல்ல கற்பனை" என்று எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 16, புதன்

தூறல்.

டவுன் மெக்கானிக்கிடம் அப்பா போனில் பேசினார். கொள்கையை விட்டுக்கொடுத்துப் பேசினார் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். மழைக்கு முன்னால் எல்லா ஊர் மெஷினும் தன் கடை வாசலில் நிற்பதாகவும், கொண்டு வந்தால் தீபாவளிக்கு மேல் பார்ப்பதாகவும் மெக்கானிக் சொல்லிவிட்டார்.

அப்புறம் அப்பா மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் வேறு யாரிடமோ பேசினார். நான் அந்தப் பக்கம் சுண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். "சரிங்க மச்சான். சரிங்க. அவளும் பாவம், மண்ணுல கெடந்து சங்கடப்படறா. சரிங்க" என்றார். மாமாவைத்தான் மச்சான் என்று கூப்பிடுவார். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாது.

இரவுச் சாப்பாட்டில் அம்மா கேட்டாள்: "உடம்பு ரொம்ப நோகுதுங்களா?"

"இல்ல புள்ள. உனக்கு?"

"எனக்கென்னங்க."

ரசம் நன்றாக இருந்தது.

அக்டோபர் 19, சனி

அப்பா மண்வெட்டியால் பார் பிடிக்கத் தொடங்கினார். அம்மாவும் இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். நான் கயிறு கட்டி நேர் பார்த்தேன். மத்தியானத்துக்குள் இருவரும் சேர்ந்து போட்டது, வீடர் ஒரு மூச்சில் போடும் அளவுகூட இல்லை. செம்மண் மேலே ஈரம், உள்ளே பாறை.

அப்பா ஒரு தடவை குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. அம்மாவும் நானும் ஆளுக்கொரு தோளாகப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வழியெல்லாம் அவர் மண்வெட்டியின் காம்பு தளர்ந்திருப்பதைப் பற்றியும் அதை எப்படிச் சரி செய்வது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார்.

பொறுக்கி வைத்த வெங்காயம் முக்கால்வாசிக்கு மேல் முளைத்துவிட்டது. கூடையில் பச்சை முடி வளர்ந்தது போல இருக்கிறது. தெற்கே வானம் கறுத்திருக்கிறது.

என் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிப் பார்த்தேன். சும்மாதான். எத்தனை பெட்டி ஆகும் என்று பார்க்க. பிறகு எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டேன், ஏனென்றால் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

அவரை முளைத்திருக்கிறது. அம்மா மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் போகிறேன். எதையும் விடக் கூடாது.

காலையில் அம்மா தீபாவளிப் பலகாரத்துக்காக வாங்கிய எண்ணெய் டின்னைத் திறந்தாள். டின்னின் ஒரு மூலையில் ஆணியை வைத்துச் சுத்தியால் தட்டி ஓட்டை போட்டாள். சாய்த்தால் எண்ணெய் "குளுக் குளுக்" என்று விக்கி விக்கி வந்தது, பிறகு நின்றேவிட்டது. அம்மா டின்னை நிமிர்த்தி எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டாள். இப்போது நூல் பிடித்தது போல ஒழுங்காக விழுந்தது.

நான் முறுக்கு அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ரெண்டாவது ஓட்டை எதுக்குங்மா?"

"காத்துப் போகோணுமல்லொ. எண்ணெ வெளிய வந்தா அந்த எடத்துக்குக் காத்து உள்ள போகோணும். இல்லீனா டின்னே உள்ளுக்குள்ள இழுத்துப் புடிச்சுக்கும். எண்ணெ வராது."

"எங்க அறிவியல் புத்தகத்துலயும் இருக்குது" என்றேன். அப்புறம்தான், எந்தத் தொடர்பும் இல்லாமல், "அம்மா, வீடரும் ஏதோ இழுத்துப் புடிச்சுக்கிட்டாப்பலதான் நிக்குது. மூடியத் தொறந்தா பெருமூச்சு விடுது. கட்டுரைல எழுதுனனே" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. எண்ணெய் கிண்ணம் வழிந்து தரையில் ஓடியது. எண்ணெயைச் சிந்தும் ஆள் இல்லை அவள்.

"பெருமூச்சா? வெளிய உடுதா, உள்ள இழுக்குதா?"

எனக்குத் தெரியவில்லை. பெருமூச்சு என்றால் வெளியேதான் விடும் என்று நினைத்து எழுதியிருந்தேன். போய்ப் பார்க்கவில்லை.

அப்பா உள்ளே தைலம் தடவிக் குப்புறப் படுத்திருந்தார். நாங்கள் சத்தமில்லாமல் கொட்டகைக்குப் போனோம். "டேங்க் நெறைய இருந்தாச் சீக்கிரம் நிக்கும்ங்மா, அப்பா சொன்னாரு" என்றேன். அம்மா கேனிலிருந்து விளிம்புவரை ஊற்றி மூடியை இறுக்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிற்றை இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி இழுத்தாள். "கெரகம்" என்றாள். மூன்றாவது இழுப்பில் வீடர் அலறிக்கொண்டு எழுந்தது. அம்மா பயந்து பின்னால் குதித்தாள், உடனே முன்னால் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஓடியது. குரல் கம்மியது. இருமியது. நின்றது.

நான் புத்தக அடையாளமாக வைத்திருக்கும் மயிலிறகிலிருந்து ஓர் இழையைப் பிய்த்து மூடிக்குப் பக்கத்தில் பிடித்தேன். அம்மா மெதுவாகத் திருகினாள். "ஸ்ஸ்."

இழை வெளியே பறக்கவில்லை. மூடியின் இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டது.

"உள்ள இழுக்குது!" என்று நான் கத்தினேன்.

அம்மா மூடியைக் கழற்றிக் கையில் எடுத்தாள். திருப்பி உட்பக்கத்தைப் பார்த்தாள். நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. வெளிச்சத்தில் பிடித்தாள். வெளிச்சம் தெரியவில்லை. மேல்பக்கம் திருப்பினாள். அந்தத் துளை இருக்க வேண்டிய இடத்தில் நல்ல வட்டமாக, மேலே குங்குமத்தோடு, அவள் வைத்த பொட்டு. கஞ்சி கலந்த பொட்டு. ஒரு வருடத்துக்கு அசையாதது.

அம்மா அந்த மூடியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொல்ல முடியாது. பிறகு தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றை எடுத்து, துளையில் விட்டுக் குத்தினாள். சந்தனம் செதிலாகப் பெயர்ந்து விழுந்தது. முந்தானையால் துடைத்து, வாயில் வைத்து ஊதினாள். மறுபக்கம் காற்று வந்தது. அதை என் கன்னத்தில் பிடித்துக் காட்டினாள்.

வீடரை மறுபடி கிளப்பினோம். நிற்கவில்லை. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நிற்கவேயில்லை.

"ஆரது வீடரை எடுக்கறது?" என்று சத்தம் கேட்டது. அப்பா ஒரு கையை இடுப்பில் ஊன்றி, முதுகு பாதி வளைந்து, லுங்கியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மாவைக் கைப்பிடியில் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா என்ஜினை அணைத்தாள். "நாந்தாங்க" என்றாள். "இத்தன நாளும் மெஷினு மூக்க அடச்சு வெச்சது நாந்தாங்க." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்பா மூடியை வாங்கிப் பார்த்தார். உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார். தரையில் கிடந்த சந்தனச் செதிலைப் பார்த்தார். அப்புறம் சிரிக்கத் தொடங்கினார். இடுப்பு வலித்தது, "ஐயோ" என்றார், மறுபடி சிரித்தார்.

"நீ ஏம்புள்ள அழுகறே? நெத்தி எதுன்னு காட்டுனது நானல்லோ!"

பிறகு அப்பா என்னை ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொட்டகையிலேயே பானையில் தண்ணீர் இருந்தது. இருந்தாலும் வீட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது காதில் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன்.

"அண்ணன் போன்ல சொல்லித்தான் எனக்குத் தெரியுது. அவருகிட்ட எதுக்குங்க சரின்னீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீதான் பெட்டிய எறக்கி வெச்சிருந்தியே. போகோணும்னு இருக்கறயாட்டன்னு நெனச்சேன்."

"பெட்டியா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "அதுல வெத போட்டு வெச்சிருக்கறனுங்க! அவரை, பூசணி, பீர்க்கு. இந்த ஊட்டுல எலி கடிக்காதது அது ஒண்ணுதான்! நீங்கதான் ராத்திரியெல்லாம் முக்கறீங்க, மொனகறீங்க, முடியலையாட்டன்னு நானும் கம்முனு இருந்தேன்."

"முடியலைதான். அதுக்காகப் போலாம்னு சொன்னனா?"

"நாஞ் சொன்னனா?"

நான் செம்பை நீட்டினேன். இருவரும் ஒரே நேரத்தில் வாங்கக் கை நீட்டினார்கள்.

மூடியில் பொட்டு இருந்த இடத்தில் இன்னும் ஒரு மஞ்சள் வட்டம் இருக்கிறது. துளை மட்டும் திறந்திருக்கிறது. தமிழம்மாவிடம் நாளை சொல்ல வேண்டும், அது கற்பனை இல்லை டீச்சர், ஆனால் மூச்சு விடவில்லை, மூச்சு வாங்கியது என்று.

அக்டோபர் 21, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. தமிழம்மாவுக்கு அது தெரியாமலே இருக்கட்டும் இன்னொரு நாள்.

அப்பாவால் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. அம்மாதான் ஓட்டினாள். அப்பா வரப்பில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, "எடப்பக்கம்! எடப்பக்கம்! விடு, விடு, தென்ன மேல போகுது!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"நீங்க சித்தெ கம்முனு இருந்தா நேராப் போகுங்க!" என்று அம்மா அங்கிருந்து கத்தினாள். அவள் போட்ட பார் அப்பா போட்டதைவிட நேராக இருந்தது. அப்பாவே சொன்னார்.

ஆறுச்சாமி பெரியப்பா ஆடுகளோடு வந்து நின்று பார்த்தார். "என்னப்பா லோகு, டாக்டர் மாறிட்டாங்களா?" என்றார். பதிலுக்கு நிற்காமல் போய், பெரியம்மாவையும் இன்னும் நாலு பேரையும் நடவுக்கு அனுப்பி வைத்தார். நானும் நட்டேன். வேர் கீழே, முளை மேலே, பாரின் பக்கச் சரிவில், கட்டைவிரல் அளவு ஆழம். என் நகத்துக்குள் சந்தனம் போய்ச் செம்மண் வந்துவிட்டது.

அக்டோபர் 23, புதன்

நட்டு முடிந்தது. கூடைகளைக் கவிழ்த்து வைத்தோம். சாயங்காலம் மழை.

மூவரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். வாய்க்கால் ஒவ்வொன்றாக நிறைந்து மினுங்கியது. அப்பா, "ஓட்டுல ஒழுகுது, நாளைக்கு நானே பாத்தர்றேன்" என்றார்.

"ஆள வெச்சுப் பாத்துக்கலாங்க" என்றாள் அம்மா, மிக வேகமாக.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

மாமா காரில் வந்தார். எனக்கு ஒரு அகராதி வாங்கி வந்திருக்கிறார், பெரியது, தலையணை அளவு. முதல் பக்கத்திலிருந்து படிக்கப் போகிறேன்.

எல்லோரும் சாப்பிட்டோம். மாமா மூன்றாவது முறுக்கை எடுத்துக்கொண்டு, "அப்பறம் மாப்ள, ஒண்ணாந் தேதி கழிச்சு ஒரு நல்ல நாள் பாத்து வேலைல சேந்தர்லாமா? போன்லதான் சரின்னுட்டீங்களே" என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். நான் அகராதியைப் பார்த்தேன். எழுத்து ஒன்றும் கண்ணில் ஏறவில்லை.

அம்மா மாமாவின் தட்டில் இன்னொரு அதிரசத்தை வைத்தாள்.

"அண்ணா, வர்ற ஆயுத பூசைக்கு அண்ணியையும் கூட்டிக்கிட்டு ஒரு நாள் முன்னாடியே வந்தரோணும். இத்தன மெஷினுக்கும் நான் ஒருத்தியே பொட்டு வெச்சு முடியறதில்லீங்."

"அதுக்கென்ன, வந்தாப் போச்சு. திருப்பூர்ல உனக்கு எங்க அத்தன மெ..." மாமா பாதியில் நிறுத்திவிட்டார். அதிரசம் கையிலேயே இருந்தது. அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீடருக்கு மட்டும் இனிமேல் கைப்பிடில வெச்சுக்கறனுங்க" என்றாள் அம்மா. "நெத்தில வேண்டாம்."

அப்பா வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் எண்ணெய் டின்னிலிருந்து தொடங்கி முழுக் கதையையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய் வெங்காயத்தைப் பார்த்தார். வரிசை வரிசையாகப் பச்சை ஈட்டிகள். "பரவால்லியே" என்றார். "இந்தப் பக்கம் கோணலா இருக்குது, அந்தப் பக்கம் நேரா இருக்குது?"

"கோணல் என்னுது மச்சான்" என்றார் அப்பா. "நேரு உங்க தங்கச்சிது."

கிளம்பும்போது மாமாவின் கார் டிக்கி சரியாக மூடவில்லை. அப்பாவின் முகம் மலர்ந்தது. "இருங்க மச்சான், ஒரு நிமிசம்" என்று ஸ்பேனர் பையை எடுக்க ஓடினார். இடுப்பு வலி எங்கே போனதோ.

"வேண்டாங்க மாப்ள, நான் ஷோரூம்ல..." என்றார் மாமா. யார் கேட்கிறார்கள்?

டிக்கி மூடியது. மாமா இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, ஆச்சரியத்தோடு வண்டியை எடுத்தார். கார் கேட்டைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி, தார் ரோட்டில் ஏறும்வரை நாங்கள் கை ஆட்டினோம்.

அப்புறம் அப்பா மற்றொரு கையைத் திறந்தார். உள்ளங்கையில் ஒரு போல்ட்டும் ஒரு வாஷரும் இருந்தன.

அம்மா உள்ளே போய் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வந்து நீட்டினாள். வாஷர் உள்ளே போயிற்று. போல்ட் போகவில்லை. பாட்டில் நிறைந்துவிட்டது, மூடியும் பொருந்தவில்லை.

நாளைக்கு வேறு பெரிய பாட்டில் ஒன்றைக் கழுவிக் காய வைக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.